கோட்டைய பிடிச்சிடலாம், மாட்டுக்கு தீனி யாரு போடறது?

தர்மபுரில காலேஜ் படிக்கற தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. "அண்ணா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், டோட்டல் வார், யூரோப்பா யுனிவர்சாலிஸ் மாதிரி சரித்திர சண்டை கேமெல்லாம் ஆடினா நெஜமாவே போர் பத்தியும் வரலாறு பத்தியும் ஏதாச்சும் தெரியவருமா, இல்ல சும்மா டைம்பாஸா? எதுல நல்லா பண்ணியிருக்காங்க, எதுல சொதப்பியிருக்காங்க?"

தெரியவரும் தம்பி, ஆனா பாதி தான். மீதி பாதி என்னன்னு சொல்லணும்னா கொஞ்சம் நீளமா போவும், டீ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கங்க.

நான் 2003 வாக்குல கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல ஆட ஆரம்பிச்சவன். ஆறு சிஸ்டம், லேன் போட்டு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, மணிக்கு இருவது ரூபா, கரண்ட் போனா ஆட்டமும் போச்சு காசும் போச்சு. இருவது வருஷம் கழிச்சும் அந்த கேம் சாவல, 1999-ல வந்தது, 2019-ல டெஃபினிட்டிவ் எடிஷன்னு புதுசா மெருகேத்தி விட்டாங்க, இன்னமும் உலகம் பூரா டோர்னமென்ட் நடக்குது. அதுலருந்தே ஆரம்பிக்கறேன்.

ஆட்டம் ஆரம்பிச்ச மொத ரெண்டு நிமிஷம் என்ன பண்ணுவோம்? ஸ்கவுட், அதாவது வேவு பாக்கற குதிரைய சுத்தி விட்டு ஆடு தேடுவோம். நம்ம ஆடு ஒண்ணு பக்கத்துல ஆளு இல்லாம தனியா நின்னுச்சுன்னா எதிராளியோட ஸ்கவுட் வந்து பாத்தாலே போதும், அது அவனுக்கு சொந்தமாயிடும், அப்படியே ஓட்டிட்டு போயிடுவான். நல்லா ஆடறவங்க மத்தியில இந்த ஆடு திருட்டுலயே பாதி ஆட்டம் சாஞ்சிடும். இத டெக்சாஸ்ல உக்காந்து செஞ்சவங்க ஏதோ ஒரு சுவாரசியத்துக்குனு வெச்சிருப்பாங்க, ஆனா நம்ம ஊருக்காரனுக்கு இது வெட்சி கரந்தை, அதாவது மாட்ட ஓட்டிட்டு போறதும் மீட்கறதும், இல்லாம வேற என்ன? நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் வயக்காட்டு ஓரம், ஏரிக்கரை ஓரம் நிக்கற நடுகல்லுல எழுத்து இருக்கறத யாராச்சும் படிச்சு காட்டினா கேளுங்க, "தொறு"ன்னு ஒரு வார்த்தை திரும்ப திரும்ப வரும், மாட்டு மந்தைன்னு அர்த்தம், தொறு மீட்டு பட்டான்னு இருக்கும், அதாவது எதிரி ஓட்டிட்டு போன மாட்ட மீட்க போய் செத்தவன். இங்க ரொம்ப காலத்துக்கு சண்டைன்னா கோட்டை மதில் இல்ல, மாடு தான். அதனால எனக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல ரொம்ப சரித்திரபூர்வமான இடம் எதுன்னு கேட்டா சரித்திர கதைய வெச்சு ஆடற கேம்பெயின் இல்ல, அந்த மொத ரெண்டு நிமிஷம்னு தான் சொல்லுவேன்.

அடுத்த நல்ல விஷயம் கணக்கு. ஒரு வில்லேஜர் செய்ய 50 ஃபுட், 25 செகண்ட். ஒரு காஸல் கட்ட 650 கல்லு. நீங்க சண்டையில மும்முரமா இருக்கப்ப வில்லேஜர செய்யற டவுன் சென்டர் அரை நிமிஷம் சும்மா நின்னுச்சுன்னா ஒரு ஆளு கம்மி, அந்த ஒரு ஆளு வெட்டியிருக்க வேண்டிய மரம் கம்மி, இப்படியே திரும்ப திரும்ப நடந்தா பத்து நிமிஷம் கழிச்சு எதிராளி நாப்பது குதிரையோட வர்றப்ப உங்ககிட்ட முப்பது இருக்கும், எதுக்கு தோத்தோம்னே புரியாது. படைங்கறது வயல்ல தான் ஆரம்பிக்குதுன்னு ஸ்கூல் புக்கு சொல்லி எனக்கு ஏறல, இந்த கேம் ஏத்துச்சு. இத நான் சின்ன விஷயமா நெனைக்கல.

ஆனா அதே கேம்ல ஒரு வீரனுக்கு உசுரு ஒரே ஒரு பாயின்ட் மிச்சம் இருந்தாலும் முழு பலத்தோட தான் வெட்டுவான். பயப்பட மாட்டான், ஓட மாட்டான், பக்கத்துல நின்னவன் செத்தா திரும்பி கூட பாக்க மாட்டான். இங்க தான் டோட்டல் வார் வேற ஆட்டம். 2000-ல ஷோகன், 2004-ல ரோம், 2006-ல மெடீவல் 2னு வந்த வரிசை, அதுல ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் மன தைரியம்னு ஒரு கணக்கு உள்ள ஓடிட்டே இருக்கு. பின்னாடிலருந்து குதிரை இடிச்சா கொறையும், தளபதி செத்தா சரியும், பக்கத்து பிரிவு ஓட ஆரம்பிச்சா இவங்களும் ஓடுவாங்க, அப்புறம் வெள்ளைக்கொடி ஆட ஆரம்பிக்கும். ஆயிரம் பேர் நிக்கற வரிசையில நூறு பேர் தான் செத்திருப்பான், மீதி ஆளு உசுரோட ஓடிட்டிருப்பான். பழைய கால சண்டை ரொம்ப நேரம் இப்படித்தான் முடிஞ்சிருக்கு, வரிசை ஒடஞ்சப்புறம் தொரத்திட்டு போய் வெட்டறதுல தான் சாவு எண்ணிக்கை ஏறும். களைப்பும் அதுல உண்டு, மேட்டுல ஓட விட்டா மூச்சு வாங்கும். அந்த விஷயத்துல டோட்டல் வாருக்கு ஒரு கும்பிடு.

மேடுன்னு சொன்னதும் நம்ம மலை ஞாபகம் வருது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல மேட்டுல நின்னு அடிச்சா அடி 25 சதவீதம் கூட, கீழருந்து மேல அடிச்சா 25 சதவீதம் கம்மி, அவ்ளோ தான் மலைக்கு மரியாதை. கிருஷ்ணகிரி கோட்டை, நாம சையத் பாஷா மலைன்னு சொல்றோமே, அது மேல ஒருவாட்டியாச்சும் ஏறியிருப்பீங்க. போன சித்திரையில என் தங்கச்சி பையன கூட்டிட்டு ஏறினேன், தோள்ல ஒரு சின்ன பை, கையில ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில், அவ்ளோ தான், முக்கால்வாசி ஏறறதுக்குள்ள எனக்கு கண்ணு இருட்டி ஒரு பாறை நெழல்ல உக்காந்துட்டேன், பையன் "மாமா உங்க ஸ்டாமினா பார் காலி"ன்னு சிரிக்கறான். இப்போ யோசிங்க, 1791 நவம்பர்ல, திப்புவோட நடந்த மைசூர் போர்ல, கும்பினி படை, அதாவது ஈஸ்ட் இந்தியா கம்பெனி படை, மேக்ஸ்வெல்னு ஒரு கர்னல், ராத்திரியில வந்து பேட்டைய பிடிச்சு, ஏணி போட்டு கீழ்க்கோட்டையையும் பிடிச்சுட்டான், ஓடறவங்க பின்னாடியே மேல்க்கோட்டைக்குள்ள நொழஞ்சிடலாம்னு பாத்தான், மேல இருந்தவங்க கதவ சாத்திட்டு கல்லு உருட்ட ஆரம்பிச்சாங்க. பீரங்கி இல்ல, ராக்கெட் இல்ல, கல்லு. திரும்பி போக வேண்டியதாயிடுச்சு. அந்த போர் முடியற வரைக்கும் மேல்க்கோட்டைய சண்டை போட்டு பிடிக்கவே இல்ல.

எந்த கேம்ல இந்த மாதிரி நடக்கும் சொல்லுங்க? டோட்டல் வார் முற்றுகைல ஏஐ படை, அதாவது கம்ப்யூட்டர் ஆடற படை, மதில் கீழ வந்து தலைய சொறிஞ்சிட்டு நிக்கும், இல்லன்னா ஒரே வாசல்ல எல்லாரும் முட்டிக்கிட்டு நிப்பாங்க, முற்றுகை தான் அந்த வரிசைக்கு பல வருஷமா தீராத நோவு. 2009-ல எம்பயர் டோட்டல் வார்னு வந்துச்சு, நம்ம காலம், மராத்தாவ எடுத்து ஆடலாம், மைசூரும் மேப்ல இருக்கு. ஆசையா ஆரம்பிச்சா, வந்த புதுசுல ஏஐக்கு கப்பல்ல படை ஏத்தி எறக்கவே தெரியல! கடல் தாண்டி வந்து எறங்கறது தான அந்த நூற்றாண்டோட மொத்த கதையே? அப்புறம் பேட்ச் போட்டு சரி பண்ணாங்க, அது வரைக்கும் லண்டன்ல ஒருத்தன் நிம்மதியா உக்காந்திருந்தான்.

சரி, இப்போ முக்கியமான எடத்துக்கு வரேன். எங்கப்பா மாங்கா மண்டி வெச்சிருந்தார். மே கடைசி, ஜூன்ல பெங்களூரா மாங்கா வரத்து உச்சத்துல இருக்கப்ப எங்க வீட்டுல தூக்கமே கெடையாது. காய் இருக்கும், வாங்க ஆளு இருப்பான், லாரி இருக்காது, இல்ல லாரி இருக்கும், ஒரு மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல ரெண்டு நாளா வரிசையில நிக்கும், உள்ள விடமாட்டாங்க, லோடு அடில இருக்கற காய் கசிய ஆரம்பிச்சிடும். அப்பா சொன்னதுலாம் இல்ல, நானே ஒரு தடவ அந்த வரிசையில லாரிக்கு அடில படுத்து தூங்கி, விடிஞ்சு பாத்தப்ப சாறு சொட்டி சட்டை பூரா ஈ. எட்டு டன் காய எடம் மாத்தறதே இந்த கதின்னா, ஒரு படைய எடம் மாத்தறது என்ன கதி?

அதே போர்ல, 1791 மார்ச்சுல, கும்பினியோட கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பெங்களூர பிடிச்சான். மே மாசம் திப்புவோட தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு கெளம்பி போறான். மே 15 அன்னிக்கு பக்கத்துல சண்டையும் ஜெயிக்கறான். கேமா இருந்தா அடுத்த டர்ன்ல தலைநகர் நம்மது. நெஜத்துல என்ன ஆச்சுன்னா, மழை, தீனி இல்ல, போற வழியில வைக்கோல் கூட மிச்சமில்லாம திப்பு எரிக்க விட்டுட்டார், வண்டி மாடு கூட்டம் கூட்டமா செத்துது, படையில அம்மை நோய், பெரிய பீரங்கிய கடைசி சில நாள் சிப்பாயிங்களே கயிறு கட்டி இழுத்தாங்க. ஜெயிச்ச படை, எதிரி தலைநகர கண்ணால பாத்துட்டு, தன்னோட பீரங்கிய தானே ஒடச்சு போட்டுட்டு திரும்பி நடந்துச்சு. இதுல கொடுமை என்னன்னா அவனுக்கு உதவிக்கு மராத்தா படை தானியத்தோட ரொம்ப கிட்ட வந்துட்டிருக்கு, ஆனா சேதி கொண்டு வர்ற ஆளுங்கள திப்புவோட குதிரைப்படை வழியிலயே மடக்கிட்டதால அவனுக்கு தெரியவே தெரியாது. திரும்பி வர்ற வழியில திடீர்னு குதிரைப்படை தெரிய, எதிரின்னு நெனச்சு சண்டைக்கு தயாராயிட்டாங்க, பாத்தா கூட்டாளி. அவங்க பஜார்ல தானியம் இருந்துச்சு, வெல தான் வாய்க்கு வந்தது.

இந்த ஒரு மாசத்த எந்த கேமாலயும் சரியா காட்ட முடியாதுங்கறது தான் என்னோட பெரிய கொறை. கேம்ல நீங்க பருந்து மாதிரி மேலருந்து பாக்கறீங்க, கூட்டாளி எங்க வர்றான்னு மினிமேப்ல புள்ளி தெரியும், கிளிக் பண்ண அதே நொடி ஆயிரம் பேரு திரும்புவான். படைக்கு பாரம் இழுக்கற மாடுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அந்த காலத்து படையில சண்டை போடறவன விட கூட வர்ற ஆளும் மாடும் தான் பல மடங்கு, லம்பாடிங்கற நாடோடி வியாபாரிங்க மாட்டு மேல தானிய மூட்டை ஏத்திட்டு வரலன்னா கும்பினியும் இல்ல, அவங்க கூட்டாளி நிஜாமும் இல்ல. நம்ம பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்ட பாத்திருப்பீங்களே, பாரம் இழுக்கன்னே பொறந்த எனம், எந்த கேம்லயாச்சும் அத ஒரு யூனிட்டா வெச்சா நான் முழு வெல குடுத்து வாங்குவேன்.

முழுசா இல்லன்னு சொல்லிட முடியாது, சில பேர் முயற்சி பண்ணியிருக்காங்க. நெப்போலியன் டோட்டல் வார்ல பனியிலயும் பாலைவனத்துலயும் நிறுத்தி வெச்சா ஆளு கொறையும். அதே வரிசையில 2019-ல வந்த த்ரீ கிங்டம்ஸ்ல எதிரி மண்ணுல நிக்க நிக்க படையோட சரக்கு தீந்துட்டே வரும். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ல ஒரு பிரதேசம் தாங்கற அளவுக்கு மேல ஆளு கொண்டு போய் குமிச்சா மாசா மாசம் சாவான். ரெண்டாம் உலகப்போர் கேமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-ல 2021-ல ஒரு பெரிய மாத்தம் பண்ணி ரயில் பாதை, சரக்கு மையம்னு வெச்சதுக்கப்புறம் தான் ரஷ்யாவுக்குள்ள போனவன் எதுக்கு நின்னு போனான்னு ஆடறவனுக்கு ஒறச்சுது. ஆனா இதுல எல்லாத்துலயும் பசிங்கறது ஒரு நம்பர். சிவப்பா மாறும், மவுஸ வெச்சு பாத்துட்டு பின்னாடி இழுத்துக்குவோம்.

நம்ம அதியமான் கதையிலயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. புறநானூறு 95-வது பாட்டு, தகடூர்லருந்து ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போறாங்க, அவன் ஆயுத சாலைய பெருமையா காட்டறான், எல்லாம் மயில் பீலி கட்டி, நெய் பூசி, காவலோட பளபளன்னு இருக்கு. அந்தம்மா சொல்றாங்க, இதெல்லாம் இப்படி இருக்கு, எங்காளுதுலாம் முனை ஒடஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குன்னு. புகழற மாதிரி குத்தறாங்க. இப்போ கேம்ல இருக்கற வேல் வாளெல்லாம் பாருங்க, எல்லாமே தொண்டைமான் வேல். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல அம்பு தீராது, கத்தி மழுங்காது, ஐம்பது சண்டை பாத்த படையும் காலைல கடையில வாங்கின மாதிரி நிக்கும். பட்டறைன்னு ஒரு பில்டிங் இருக்கும், அது ஒடஞ்சத சரி பண்ண இல்ல, அப்கிரேட் அமுக்க.

நம்மள எப்படி காட்டறாங்கன்னும் கேப்பீங்க. முன்னவிட ரொம்ப தேவலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல 2013-லருந்து இந்தியன்ஸ்னு மொத்தத்துக்கும் ஒரே பொட்டலமா கட்டி வெச்சிருந்தாங்க, 2022-ல தான் பிரிச்சு திராவிடியன்ஸ், பெங்காலிஸ், கூர்ஜராஸ், ஹிந்துஸ்தானிஸ்னு ஆக்குனாங்க, ராஜேந்திர சோழன் கேம்பெயினும் வந்துச்சு. நம்ம படைய கிளிக் பண்ணா தமிழ்ல பேசறான், மொத தடவ கேட்டப்ப நாப்பது வயசுல கண்ணு கலங்கிச்சு, சிரிக்காதீங்க. பெரிய குதிரைப்படை குடுக்காம காலாட்படை, கப்பல், யானைன்னு வெச்சதும் சரியான யோசனை, குதிரைய கடல் தாண்டி வாங்கின ஊரு இது. உருக்கு எஃகுக்குன்னு ஒரு டெக்னாலஜி, அத ஆராய்ச்சி பண்ணா எதிரி கவசம் செல்லாது, கொஞ்சம் ஓவர் தான், ஆனா சந்தோஷமான ஓவர். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில கெடச்ச இரும்புக்கு கி.மு. 2172-னு காலம் சொல்றாங்க, அந்த மண்ணுல நின்னுட்டு எஃகு பத்தி கொஞ்சம் பீத்திக்கறதுல தப்பில்ல. உருமி வீரன்னு ஒரு யூனிட் வெச்சாங்க பாருங்க, அது தான் சினிமா. சுருள் வாள நெருக்கமா நிக்கற வரிசையில சுத்தினா மொதல்ல போறது பக்கத்துல நிக்கற நம்மாளு காது.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 இதுல ரொம்ப நாள் தப்பு பண்ணிட்டு இருந்துச்சு. 2013-ல வந்தப்ப ஐரோப்பாக்காரனுக்கு ஒரு வெலைக்கு வர்ற தொழில்நுட்பம் நமக்கு அதிக வெலைக்கு தான் வரும், ஏன்னா நீ கெழக்குல பொறந்தவன், அவ்ளோ தான் காரணம், வேணும்னா "மேற்கத்தியனா மாறு"ன்னு ஒரு பட்டன். 2016-ல அத தூக்கிட்டு வேற முறை கொண்டு வந்தாங்க. மைசூர் ராக்கெட்ட 1799-க்கு அப்புறம் இங்கிலாந்துக்கு தூக்கிட்டு போய் பாத்து தான் காங்கிரீவ்ங்கற இங்கிலாந்துக்காரன் தன்னோட ராக்கெட் செஞ்சான், டெக்னாலஜி எந்த பக்கத்துலருந்து எந்த பக்கம் போச்சுன்னு அந்த பழைய கணக்குல எடமே இல்ல.

ஆனா அதே கேம்கிட்ட ஒரு அருமையான விஷயம் இருக்கு, சமாதான பேச்சு. டோட்டல் வார்ல பெரும்பாலும் பிடிச்சா தான் ஊரு. இதுல போர முடிச்சு மேசையில உக்காந்து, இவ்ளோ ஜெயிச்சிருக்க, இதுக்கு இந்த பிரதேசம், இவ்ளோ பணம்னு பேரம் பேசணும், நூறு பாயின்டுக்கு மேல கேக்க முடியாது. 1792 மார்ச்சுல ஸ்ரீரங்கப்பட்டணத்துல நடந்தது அச்சு அசல் அது தான், பாதி ராஜ்யம், மூணு கோடியே முப்பது லட்சம் ரூபா, ரெண்டு பசங்க பணயம். பாரமகால், அதாவது நம்ம ஊரெல்லாம், அந்த பேப்பர்ல தான் கை மாறிச்சு. கல்லு உருட்டி காப்பாத்தின கிருஷ்ணகிரி மேல்க்கோட்டையும் அதோட போச்சு. அதுக்கப்புறம் கும்பினி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் வருஷக்கணக்கா நெலத்த அளந்து வரி போட்டாங்க, மன்றோ 1799 வரைக்கும் இங்க தான். அந்த வேலைய கேம்ல ஒரு பச்ச பார் ஓடி முடிச்சிடும், அளந்தவனும் தெரியமாட்டான், வரி கட்டினவனும் தெரியமாட்டான்.

இன்னும் சில எரிச்சல் இருக்கு, சட்டுனு சொல்லிடறேன். பெருசானா இன்னும் பெருசாவோம்ங்கற வியாதி எல்லா கேம்லயும் இருக்கு, பத்து பிரதேசம் தாண்டிட்டா மீதி ஐம்பதும் கணக்கு எழுதற வேலை தான், பெரிய ராஜ்யம் உள்ளருந்து உளுத்து போறத எவனும் ஒழுங்கா காட்டல, க்ரூசேடர் கிங்ஸ் 3 மட்டும் தம்பி அண்ணன் பங்காளி சண்டைல கொஞ்சம் காட்டும். கஷ்ட லெவல் ஏத்தினா ஏஐக்கு மூளை கூடாது, பாக்கெட்ல காசு தான் கூடும், சிவிலைசேஷன், டோட்டல் வார் ரெண்டுலயும் அதே கதை, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் புது எடிஷன் ஏஐ மட்டும் திருட்டு காசு இல்லாமலே நல்லா ஆடுது. அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆரம்பிக்கறது. நம்ம ஆடு புலி ஆட்டத்துல மூணு புலி, பதினஞ்சு ஆடு, புலிக்கு வெட்டற வேலை, ஆட்டுக்கு அடைக்கற வேலை, ரெண்டு பேருக்கும் ஜெயிக்கறதுன்னா வேற வேற அர்த்தம். ஹைதர் படைக்கும் கும்பினி படைக்கும் நடந்தது அது தான், அவரு குதிரைய விட்டு தானியத்த அடிப்பாரு, இவன் கோட்டைய தேடி போவான். கோயில் மண்டபத்து கல்லுல கீறி வெச்ச ஆட்டத்துக்கு தெரிஞ்சது கோடி கோடியா கொட்டி செய்யற கேமுக்கு தெரியல.

நீங்க எதுல ஆரம்பிக்கறதுன்னா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் வாங்குங்க, ஸ்டீம்ல அடிக்கடி தள்ளுபடி வரும், லேப்டாப் சுமாரா இருந்தாலும் ஓடும். ஒரு மாசம் ஆடிட்டு மெடீவல் 2 எடுங்க, பழசு தான், அதுல கேமராவ தளபதி பக்கத்துலயே கட்டி போடற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணிட்டு ஒரே ஒரு சண்டை ஆடி பாருங்க, மேட்டுக்கு அந்த பக்கம் நம்ம குதிரைப்படை ஜெயிக்குதா ஓடுதான்னு தெரியாம கை வேர்க்கும். யூரோப்பாவ செமஸ்டர் நேரத்துல தொடாதீங்க, சொல்லிட்டேன். லீவுல கிருஷ்ணகிரி வந்தீங்கன்னா பழையபேட்டை பக்கமா மலை ஏறலாம், காலைல ஆறு மணிக்கே வாங்க, தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், நான் முக்கால்வாசி வரைக்கும் தான் வருவேன்.